பத்து வயசுப் பொண்ணுக்கு நாவல் சொல்லுங்க: நல்ல குணம் வரணும், உபதேசம் வேண்டாம்

நம்பியூர் கவி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொண்ணுக்குப் பத்து வயசு, பையனுக்கு ஏழு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அரை மணி நேரம் ரெண்டு பேருக்கும் நாந்தான் படிச்சுக் காட்டறேன். அவங்கப்பாவுக்கு அது தறி ஓடற நேரம்.

பள்ளிக்கூடத்துல ஒரு கட்டு நீதிக்கதைப் புத்தகம் வாங்கச் சொன்னாங்க, வாங்கினேன். கொஞ்ச நாள்லயே பொண்ணுக்குச் சலிச்சுப்போச்சு. "அம்மா, இதுல எவன் அடி வாங்குவான்னு முதல் பக்கத்துலயே தெரியுது. கடைசி வரியை மட்டும் படிச்சுட்டு லைட்டை அணை"ங்கறா. கடைசி வரிதான் எல்லாத்துலயும் ஒண்ணாச்சே, "ஆகவே குழந்தைகளே..."ன்னு. அவ சொல்றது நெசந்தானுங்க, படிக்கற எனக்கே கொட்டாவி வருது.

அதுக்காக நல்ல புத்தியே வேண்டாம்னு விட முடியலை. கொஞ்ச நாளா அவ சின்னச் சின்னதாப் பொய் சொல்லப் பழகிட்டா. பல்லு விளக்கிட்டேன்னு சொல்லுவா, பிரஷ் காஞ்சு கிடக்கும். தம்பியோட ரப்பரை எடுத்துத் தன் பாக்ஸ்ல வச்சுக்கிட்டு, நான் பாக்கவே இல்லைம்பா. அடிச்சுத் திருத்தற வீடு இல்லீங்க எங்களுது.

எனக்கு முழு நாவலா வேணும். நாளைக்கு என்ன ஆகும்னு ரெண்டும் கேட்கணும். கதைல மனுசங்க வரணும், நரியும் காக்காயும் போதும். உண்மை பேசறது, அடுத்தவங்களை நினைச்சுப் பாக்கறது, இதெல்லாம் நான் சொல்லாமயே உள்ள எறங்கணும். தமிழ்ல இருந்தா நல்லது. இங்கிலீஷா இருந்தாலும் பரவால்லை, தமிழ்ப்படுத்திச் சொல்லிக்குவேன்.


சாத்தூர் குமார்:

பினோக்கியோ, ஒரு மரப்பொம்மைப் பையனோட கதை. சினிமாவா வந்த கார்ட்டூன் இல்லை, மூலக்கதை. இத்தாலிக்காரர் கார்லோ கொல்லோடி 1881-ல ஒரு சிறுவர் பத்திரிகைல தொடரா ஆரம்பிச்சது, 1883-ல புத்தகமாச்சு.

படத்துல புத்திமதி சொல்ற ஒரு பூச்சி கடைசிவரை கூடவே வரும்ல? மூலத்துல நாலாவது அத்தியாயத்துலயே பினோக்கியோ மரச்சுத்தியலை வீசி அதை சுவத்தோட சுவரா ஒட்ட வச்சுடறான். உபதேசம் பண்றவருக்குத்தான் முதல் போணி. உங்க பொண்ணு எந்திரிச்சு உக்காந்துருவா பாருங்க.

இன்னொண்ணு. பதினஞ்சாவது அத்தியாயத்துல பினோக்கியோவைக் கருவாலி மரத்துல தூக்குல தொங்கவிட்டு அதோட கதை முடிஞ்சதுன்னுதான் கொல்லோடி எழுதினார். படிச்ச பிள்ளைங்க விடலை. பத்திரிகை கேட்டுக்கிட்டதால மறுபடி உயிர் கொடுத்துத் தொடர்ந்தார். அதனாலதான் பாதிக்கு மேல கதைல ஒரு கனிவு வந்துடுது.

பொய் சொன்னா அவன் மூக்கு நீள்றதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு மறக்காதது அவனைச் செதுக்கின அப்பா ஜெப்பெட்டோவோட கோட்டுதான். பனி கொட்டுற குளிர்ல, இருந்த ஒரே கோட்டை வித்து மகனுக்கு அரிச்சுவடி வாங்கிட்டு வருவார். கோட்டு எங்கேன்னு கேட்டா, "வேர்த்துச்சு, அதான் வித்துட்டேன்"பார். பய அந்தப் புத்தகத்தை வித்துட்டு பொம்மலாட்டம் பாக்கப் போயிருவான். இதைப் படிச்சுட்டு பேசாம இருங்க, அது போதும்.


பொன்மலை அத்தை:

கவி, உங்க பொண்ணு சரியான இடத்துல கை வச்சிருக்கா. தப்பு பண்ணினவனுக்கு அடி விழற கதையில குழந்தை கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மாட்டிக்கக் கூடாதுன்னு. கெட்டிக்காரக் குழந்தையா இருந்தா அதைச் சீக்கிரமே கத்துக்கும். பிரஷ்ஷை நனைச்சு வைக்க அவளுக்கு இன்னும் தோணலை, அவ்வளவுதான்.

பேரன் பேத்திகளுக்குப் புத்தகம் பொறுக்கறப்ப நான் குழந்தைப் பாத்திரத்தைப் பார்க்கறதே இல்லை. அதுல வர்ற பெரியவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்ப்பேன். குமார் சொன்ன கோட்டும் அந்த வகைதான். பிள்ளையைத் திருத்தறதுக்கு முன்னாடி தன்னை அடக்கிக்கற ஒரு அப்பாவோ அம்மாவோ வாத்தியாரோ ஒரு புத்தகத்துல இருந்தா அதை வாங்கிடுவேன்.

எங்கப்பா ரயில்வே. புசாவல் ஜங்ஷன்ல கார்டா இருந்தார். அதனால நான் படிச்சது மராத்தி மீடியம். சனிக்கிழமை காலைப் பள்ளி மட்டும்தான். கடைசி பீரியட்ல எங்க பாயி (அங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மேஜை மேல சாய்ஞ்சுக்கிட்டு ஒரு புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பாங்க. 'ஷ்யாம்ச்சி ஆயி'ன்னு பேர். ஷ்யாமோட அம்மான்னு அர்த்தம். மகாராஷ்டிராவுல இதைப் படிக்காத வீடு அபூர்வம். இதை 1953-ல ஆச்சார்ய ஆத்ரே படமா எடுத்தார். தேசிய விருதுன்னு ஒண்ணு ஆரம்பிச்சப்போ சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் முதல்ல வாங்கினது அந்தப் படம்தான்.

எழுதினவர் சானே குருஜி. 1899-ல கொங்கணத்துல பால்கட்ங்கற கிராமத்துல பிறந்தவர். எங்க ஜில்லாவிலேயே அமல்நேர்ல வாத்தியாரா இருந்தார், மாணவர் விடுதியையும் அவர்தான் பார்த்துக்கிட்டார். 1930-ல வேலையை விட்டுட்டு சத்தியாகிரகத்துக்குப் போனார். ஜெயில் ஜெயிலா மாத்தினாங்க. நம்ம திருச்சி ஜெயில்லயும் இருந்திருக்கார். அங்கதான் தமிழ் கத்துக்கிட்டார், குறளை மராத்தியில கொண்டுவந்தார். கல்யாணமாகிப் பொன்மலைக்கு வந்த பிறகுதான் எனக்கு இது தெரிஞ்சது. அன்னிலேர்ந்து ஜெயில் பக்கம் பஸ்ல போறப்பல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன்.

இந்தப் புத்தகத்தை 1933 பிப்ரவரியில நாசிக் ஜெயில்ல அஞ்சே நாள்ல எழுதி முடிச்சார். 1935-ல வெளிவந்தது. பெரியவனான ஷ்யாம் ஒரு ஆசிரமத்துல நண்பர்களுக்கு தினம் ராத்திரி தன் அம்மாவைப் பத்திச் சொல்றான். அத்தியாயத்துக்குப் பதிலா ராத்திரின்னே கணக்கு, மொத்தம் 42 ராத்திரி. ஒவ்வொண்ணும் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு வரும். உங்க வீட்டு நேரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்.

பதினெட்டாவது ராத்திரியைச் சொல்றேன். சமையல்ல அம்மா கறியில உப்புப் போட மறந்துடறாங்க. அப்பா முதல்ல சாப்பிட உக்கார்றார். ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா முகத்துல ஒண்ணும் காட்டாம, கறி நல்லாயிருக்குன்னு சொல்லி வாங்கிப் போட்டுக்கறார். பசங்க அப்பா மூஞ்சியைப் பார்த்துட்டு, அவங்களும் பேசாம சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியில அம்மா உக்காந்து ஒரு வாய் வைக்கறப்பத்தான் அவங்களுக்கே தெரியுது. துடிச்சுப் போயிடறாங்க. ஏண்டா ஒருத்தர்கூடச் சொல்லலைன்னு. பாடுபட்டுச் சமைச்சவ மனசு நோகக்கூடாதுன்னு அப்பா நினைச்சார். உப்பில்லாத கறியைப் போட்டுட்டோமேன்னு அம்மா வருத்தப்பட்டாங்க. கதை அவ்வளவுதான். இதுல கெட்டவன் கிடையாது, யாருக்கும் அடியும் விழலை.

எங்க வீட்டுல இதைப் படிச்ச அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். பெரிய பேரன் கேட்டான்: "அப்ப ஷ்யாமோட அப்பா பொய்தானே சொன்னார்?" பேத்தி, "அது பொய் இல்லை"ன்னா. "உப்பு இல்லாததை நல்லாயிருக்குன்னா அதுக்குப் பேர் என்ன?"ன்னு இவன். ரெண்டும் சண்டை. நான் வாயைத் திறக்கலை. தன்னைக் காப்பாத்திக்கச் சொல்றதும் அடுத்தவங்களைக் காப்பாத்தச் சொல்றதும் வேற வேறன்னு சின்னவளே ஒரு மாதிரி தட்டித் தடுமாறி வந்து சேர்ந்தா. பத்து வயசுக்கு இதைவிட நல்ல விவாதம் எந்தப் பாடப்புத்தகத்துல வரும்?

இன்னொரு ராத்திரி. குளிச்சுட்டுக் கல்லு மேல நிக்கற ஷ்யாமுக்கு, ஈரக் காலைக் கீழ வச்சா மண்ணு ஒட்டிக்குமேன்னு கவலை. அம்மாவைப் புடவைத் தலைப்பை விரிக்கச் சொல்றான். அவங்களும் விரிச்சு, அதுமேல கால் வைக்க விடறாங்க. அப்புறம்தான், உள்ளங்கால்ல அழுக்கு ஒட்டக்கூடாதுன்னு பார்க்கற மாதிரி மனசுலயும் ஒட்டாம பார்த்துக்கோன்னு சொல்றாங்க. அந்த ஒரு வரி உபதேசம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஈரப் புடவையை முதல்ல விரிச்சவங்க சொன்னதால நமக்கு உறுத்தலை.

செல்லம் கொடுக்கற அம்மா மட்டும்னு நினைச்சுடாதீங்க. கோடை லீவுல ஊர்ப் பசங்க எல்லாம் கிணத்துல நீச்சல் பழகறாங்க. ஷ்யாம் பயந்து பரண்ல ஏறி ஒளிஞ்சுக்கறான். அந்தம்மா குச்சியை எடுத்து விளாசித்தான் அனுப்பறாங்க. நீந்திட்டு வந்தவன் முதுகைப் பார்த்துட்டு அப்புறம் அவங்களே அழறாங்க. என் பிள்ளையை நாலு பேர் பயந்தாங்கொள்ளின்னு சொல்லறதைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமான்னு கேட்கறாங்க. இன்னொரு நாள், இலை தைக்கத் தெரியாத பையனுக்குத் தைத்த இலையில சோறு எதுக்குன்னு வீட்டுல சொல்லிடுவாங்க. ரோஷத்துல உக்காந்து தைக்கப் பழகுவான். புரச இலையை ஈர்க்குச்சியால கோக்கற விதத்தைக்கூட பாயி எங்களுக்குச் செஞ்சு காட்டினாங்க. மத்தியானம் வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட இலை கேட்டுத் தொல்லை பண்ணினது தனிக்கதை.

எனக்குப் பிடிச்சது கோட்டுக் கதை. (குமார், உங்களுக்கும் கோட்டு, எனக்கும் கோட்டு!) வீட்டுல கடன். ஷ்யாம் தாபோலியில தங்கிப் படிக்கறான். தம்பிக்குப் போட நல்ல துணி இல்லை. தின்பண்டத்துக்குக் கொடுத்த காசைத் தின்னாம சேர்த்து, தம்பிக்கு ஒரு கோட்டு தைச்சு எடுத்துக்கிட்டு, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொட்டற மழையில ஊருக்கு நடந்தே வர்றான். தியாகம், அது இதுன்னு ஒரு வார்த்தை கிடையாது. காசு எங்கிருந்து வந்தது, யார்கிட்ட கேட்டேன்னு அம்மாவுக்கு முதல்ல சந்தேகம்தான் வருது. எந்த அம்மாவும் அப்படித்தான் கேட்பா. அதனாலதான் அது நிஜமா இருக்கு.

பொய், திருட்டு பத்தியும் ஒரு ராத்திரி இருக்கு. புத்தகம் வாங்கிப் படிச்சுப் பெரிய ஆளாகணும்னு ஷ்யாம் காசைத் திருடிடறான். நோக்கம் நல்லதுதான், செஞ்சது திருட்டு. உங்க ரப்பர் விவகாரத்துக்கு இதைத்தான் முதல்ல படிக்கச் சொல்வேன். ஆனா படிக்கறப்போ அவ முகத்தைப் பார்க்காதீங்க. பார்த்தீங்கன்னா, 'ஓ, எனக்காகத்தான் படிக்கறாங்க'ன்னு பிடிச்சுடுவா. அன்னியோட அந்தப் புத்தகமும் நீதிக்கதைக் கட்டோட சேர்ந்துடும்.

நான் மராத்தியைப் பார்த்துக்கிட்டே தமிழ்ல சொல்லிக்கிட்டுப் போவேன். உங்களுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இருக்கு, அதை வச்சு அப்படியே செய்யலாம்.


ஒற்றைக்கொம்பு:

பொன்மலை அம்மா எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனாலும் மூன்று இடங்களில் எனக்கு இடிக்கிறது.

பொய் சொல்லும் குழந்தைக்காகக் கேள்வி கேட்ட தாய்க்கு, பொய் சொல்லும் அப்பாவின் கதையை முதல் மருந்தாகக் கொடுக்கிறீர்கள். விவாதம் சுவையானதுதான். ஆனால் மறுநாள் காலை அந்தப் பெண், 'பல் விளக்கலைன்னு சொன்னா உன் மனசு நோகும்னுதான் சொன்னேன்' என்று சொன்னால் கவி என்ன செய்வார்?

அடுத்தது, தாய் என்றாலே தன்னைத் தேய்த்துக்கொள்பவள். கடைசியில் சாப்பிடுகிறவள் அவள், உப்பில்லாத சோறும் அவளுக்கு, ஈரப் புடவையும் அவளுடையது. பத்து வயதுப் பெண் குழந்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளப்போவது 'நல்ல பெண் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதைத்தானே? ஷ்யாம் பெரியவனாகிக் கதை சொல்கிறான். அந்த அம்மா சொன்னால் கதை வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது, சாதி. ஆங்கிலத்தில் நானும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு கிழவி விறகுச் சுமையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். போய்த் தூக்கிவிடு என்கிறாள் அம்மா, நல்லது. ஆனால் கூடவே, வந்து குளித்துவிடு என்றும் சொல்கிறாள். இதை எந்த முகத்தோடு என் மகனுக்குப் படித்துக் காட்டுவது?

நற்குண நாவல் என்றால் எனக்கு ஒரு சந்தேகப் புத்தி உண்டு. இத்தாலியில் எத்மொந்தோ தெ அமிச்சிஸ் எழுதிய 'குவோரே' 1886-ல் வந்தது. தூரின் நகரப் பள்ளிச் சிறுவன் ஒருவனின் நாட்குறிப்பு. கையொன்று சூம்பிய பையனைச் சக மாணவர்கள் கேலி செய்ய, அவன் ஆத்திரத்தில் மைக்கூட்டை எறிகிறான். அது உள்ளே வந்த ஆசிரியர் மேல் படுகிறது. கரோனே என்ற பையன் எழுந்து, நான்தான் எறிந்தேன் என்கிறான். (பாருங்கள், அங்கேயும் நல்லவன் பொய்தான் சொல்கிறான்!) அந்தக் காட்சி அருமை. ஆனால் அதே புத்தகத்தில் ஃபிராந்தி என்று ஒரு கெட்ட பையன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஏன் அப்படி ஆனான் என்று ஆசிரியர் கடைசிவரை கேட்பதே இல்லை. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ பின்னாளில் அந்த ஃபிராந்தியைப் புகழ்ந்தே ஒரு கட்டுரை எழுதினார். நானும் எக்கோ கட்சிதான். வகுப்பில் சிரித்தவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் அல்லவா?


பொன்மலை அத்தை:

தம்பி, நல்லாக் கேட்டீங்க. பின்னாலேர்ந்து வர்றேன்.

அந்த விறகுச் சுமைப் பக்கத்தை நான் விடறதில்லை, குளிக்கற வரியோட சேர்த்துத்தான் படிப்பேன். கடவுளுக்கு எல்லாரும் பிரியமானவங்கன்னு சொல்ற அதே வாய்தான் குளின்னும் சொல்லுது. எங்க வீட்டுல பெரியவன் உடனே பிடிச்சுக்கிட்டான்: "பாட்டி, எல்லாரும் பிரியம்னா எதுக்குக் குளிக்கணும்?" அந்தம்மா தன் காலத்துல ஒரு அடி வெளியே வச்சாங்க. ரெண்டாவது அடியை வைக்கலை. மகன் வச்சார். 1947 மே மாசம் பண்டர்பூர் விட்டல் கோயிலைத் தலித் மக்களுக்குத் திறக்கணும்னு சானே குருஜி பத்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதுக்கு முன்னாடி மகாராஷ்டிரா முழுக்க ஊர் ஊரா அலைஞ்சு பேசினார். கோயில் திறந்தது. இதைப் படிச்சு முடிச்ச கையோட நான் பேரன்கிட்ட சொன்னேன். அவன், "அப்ப அந்தக் கிழவியும் உள்ளே போயிருப்பாங்களா?"ன்னான். அவங்க அதுவரைக்கும் இருந்திருக்க மாட்டாங்கன்னேன். அவனுக்குக் கோவம். அந்தக் கோவம் இருக்கட்டும்னு விட்டுட்டேன். வரியை வெட்டிட்டுப் படிச்சிருந்தா அது வந்திருக்காது.

தாய் விஷயத்துல உங்க பக்கம்தான் நானும். எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கறதுக்கும், அதுல வர்ற அம்மா மாதிரி நான் இருக்கப் போறதில்லைங்கறதுக்கும் சம்பந்தமில்லை. நான் முதல்ல சாப்பிடற கட்சி. ஆனா ஒண்ணு கவனிங்க, ஷ்யாம் அந்தம்மாவோட வேலையைச் செஞ்சுதான் வளர்றான். முதல் ராத்திரியே அதுதான். அம்மாவுக்கு உடம்பு முடியலை, ஆலமரத்தைச் சுத்தற விரதத்தை மகனைப் போய்ச் சுத்தச் சொல்றாங்க. பொம்பளைங்க கூட்டத்துல பையன் போனா சிரிப்பாங்களேன்னு இவன் வெட்கப்படறான். கெட்டது செய்யத்தான் வெட்கப்படணும்னு சொல்லி அனுப்பறாங்க. பையன் பாத்திரம் கழுவற வீட்டுல இந்தப் புத்தகம் ஒரு மாதிரி கேட்கும், கழுவாத வீட்டுல வேற மாதிரி கேட்கும். நம்ம கையில இருக்கறது அதுதான். கவி, உங்க பையனுக்கு ஏழு வயசுன்னா தட்டு எடுத்து வைக்கலாமே?

பொய் விஷயம். அந்தப் பொண்ணு அப்படி ஒரு சாக்குச் சொன்னான்னா நான் சந்தோஷப்படுவேன். யோசிக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் பல்லை விளக்கச் சொல்லி அனுப்புவேன்.

எக்கோ கட்சின்னீங்க. உங்களுக்கு ஒரு புத்தகம் இருக்கு, கவிக்கும் அது தமிழ்லயே கிடைக்கும். 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்காங்க. ஜப்பான்ல டெத்சுகோ குரோயானகி 1981-ல எழுதினது. நாவல்னு சொல்ல முடியாது, அவங்க சொந்தக் கதை. ஆனா நாவல் மாதிரி ஓடும். வகுப்புல அடங்காத ஒரு பொண்ணை ஒண்ணாம் வகுப்புலயே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிடறாங்க. உங்க ஃபிராந்திதான், பாவாடை கட்டின ஃபிராந்தி. அவளைச் சேர்த்துக்கற இன்னொரு பள்ளியில பழைய ரயில் பெட்டிங்கதான் வகுப்பறை. ரயில்வே காலனியில வளர்ந்தவளுக்கு இதைவிட என்ன வேணும்!

அதுல ஒரு இடம். அவளோட பர்ஸ் கழிப்பறைக் குழியில விழுந்துடுது. நீளக் கைப்பிடி வச்ச அகப்பையைத் தூக்கிட்டு வந்து, குழியிலேர்ந்து அள்ளி அள்ளி வெளியே கொட்டறா. மலை மாதிரி குவிஞ்சிருக்கு. தலைமை ஆசிரியர் கோபயாஷி அந்தப் பக்கம் வர்றார். என்ன பண்றேன்னு கேட்கறார். பர்ஸ் விழுந்துடுச்சுங்கறா. அப்படியான்னுட்டுப் போயிடறார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி வந்து கிடைச்சுதான்னு கேட்கறார். இல்லைங்கறா. "முடிச்சதும் எல்லாத்தையும் திரும்பப் போட்டுடுவே, இல்லையா?" இவ்வளவுதான் கேட்டுட்டுப் போறார். பர்ஸ் கிடைக்கலை. அவ அத்தனையையும் திரும்ப அள்ளிப் போடறா, ஈரம் ஊறின மண்ணு உட்பட. நான் நாப்பது பேர் இருக்கற வகுப்புல நின்னவ. அந்த இடத்துல நானா இருந்தா என்னென்ன கத்தியிருப்பேன்னு எனக்குத் தெரியும். குழந்தைங்க இந்தப் பக்கத்துக்கு விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். முதல் பள்ளியில தன்னை வெளியே அனுப்பிட்டாங்கன்னு அந்தப் பொண்ணுக்கு அப்போ தெரியாது. அவளுக்கு இருபது வயசு தாண்டற வரைக்கும் அவங்கம்மா அதைச் சொல்லவே இல்லை. வேற பள்ளிக்கூடம் பார்க்கலாமான்னு மட்டும் கேட்டாங்க. சொல்லிக் காட்டாம இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கறது லேசா?


நம்பியூர் கவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அத்தை எழுதின உப்புக் கதையை நேத்து ராத்திரி போன்ல இருந்தே படிச்சுட்டேன். பையன் முழுசாக் கேட்டுட்டு, "கடைசில அந்த அம்மா உப்புப் போட்டுச் சாப்பிட்டாங்களா, இல்லை அப்படியே சாப்பிட்டாங்களா?"ன்னான். எனக்குத் தெரியலைன்னேன். பொண்ணு ஒண்ணுமே பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவங்க அப்பா மூஞ்சியைப் பார்த்தே பசங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"ன்னு கேட்டா. அவளோட கேள்வி எப்பவும் இப்படித்தானுங்க, நான் நினைக்காத பக்கத்துல இருந்து வரும்.

ஒற்றைக்கொம்பு சார் கேட்ட தாய் விஷயமும் மனசுல ஓடிக்கிட்டே இருக்குதுங்க. எங்க வீட்லயும் நாந்தான் கடைசில சாப்பிடறேன், எதுக்குன்னு நெனச்சுப் பாத்ததே இல்லை.

டோட்டோ-சானுக்கு ஈரோட்டுல சொல்லி வச்சிருக்கேன். குமாரண்ணா, பினோக்கியோவும் வாங்கறேன், சுத்தியல் அடி பையனுக்கு. ஷ்யாம் புத்தகம் மட்டும் ஒரு சந்தேகமுங்க அத்தை. கடன், அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னெல்லாம் வருதே, ராத்திரி படிச்சா ஏழு வயசு பயந்துக்குமா? எந்த வரிசையில படிக்கட்டும்?


பொன்மலை அத்தை:

வரிசையாப் போகணும்னு அவசியமில்லை, ஒவ்வொரு ராத்திரியும் தனியா நிக்கும். கோட்டு, நீச்சல், இலை தைக்கறது, திருட்டு, இதெல்லாம் முதல்ல. மூணாவது ராத்திரியில, பூ மலர்றதுக்கு முன்னாடியே மொட்டைப் பறிச்சுட்டு வர்ற கதை ஒண்ணு இருக்கு, சின்னவனுக்கு அது பிடிக்கும்.

முப்பத்திரண்டாவதுலேர்ந்து கடன் கழுத்தை நெரிக்க ஆரம்பிக்கும். வசூலுக்கு வர்ற ஆள் அந்தம்மாவை வாசல்ல நின்னு பேசற பேச்சு பெரியவங்களுக்கே தாங்காது. அதைச் சின்னவன் தூங்கினப்புறம் பெரியவளுக்கு மட்டும் படிங்க. முப்பத்தெட்டுலேர்ந்து அம்மாவோட கடைசி நோய். அதை ராத்திரி எடுக்கவே எடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை பகல்ல, அவங்கப்பாவும் வீட்டுல இருக்கறப்போ, அஞ்சையும் ஒரே மூச்சுல முடிச்சுடுங்க. பக்கத்துல தண்ணி வச்சுக்கோங்க, உங்களுக்குத்தான் தொண்டை அடைக்கும்.